உங்கள் இடது தோளில் இருந்த வெள்ளை

என்னங்க,

எதிரே கொடியில் என் கறுப்புச் சேலை தொங்குகிறது. செவ்வாய்க்கிழமை கட்டியது, இன்னும் துவைக்கவில்லை. அதன் முந்தானையில், இடது தோள் படும் இடத்தில் திட்டாக ஒரு வெள்ளை, சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்து எழுந்தது போல. அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் உங்களோடு மனசுக்குள் சண்டை போடாத நாள் கிடையாது. இன்றைக்கு எழுத்தில் போடுகிறேன், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஸ்டாண்டு பக்கம் கீரை வாங்கப் போனேன். எதிரே அஞ்சலை வந்தாள். கம்பெனியில் என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பீங்கான் பொம்மைகளுக்குப் பிசிறு சுரண்டியவள், மறந்திருக்க மாட்டீர்கள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டி தனம், திரும்பவும் கம்பெனியில சேந்துட்டியா? ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா."

"நான் எங்கடி சேந்தேன்? அந்தப் பக்கம் போயே பத்து வருஷம் ஆவுது."

"அப்ப தோள்ல என்னா வெள்ளையா? சும்மா சொல்லுடி. நான் யார்கிட்ட போயி சொல்லப்போறேன்?"

"ஐயோ, சத்தியமா போகலடி!"

சொன்ன மாத்திரத்தில் வாயைப் பொத்திக்கொண்டேன். குரல் என்னுடையது, வார்த்தை உங்களுடையது. இரண்டு வருஷமாக அதே வார்த்தையை நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். அஞ்சலை என்னைப் பார்த்த அதே பார்வையைத்தான் நான் உங்களைப் பார்த்தேன். கீரையைக்கூட வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

நீங்கள் வேலையை விட்டு நின்ற மாதத்தில்தான் துரை வந்தது. முப்பது வருஷம் அச்சில் களிமண் கரைசல் ஊற்றிய மனுஷன் நீங்கள். இருமல் நிற்காமல் பாண்டிச்சேரிக்குப் போனோம். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சில தூசி படிஞ்சிருக்கு. இனிமே தூசிப் பக்கமே போகக்கூடாது. எந்தத் தூசியும்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸிலேயே உங்களிடம் வாக்கு வாங்கினேன். கம்பெனி வாசலை மிதிக்க மாட்டேன் என்றீர்கள். நானும் நம்பினேன், ஊர் வந்து சேரும்வரைக்கும்.

பத்து நாள் கழித்து ஆட்டோவில் ஒரு கூண்டோடு வந்து இறங்குகிறீர்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு பறவை. வளைந்த மூக்கு, தலையில் மஞ்சள் கொண்டை. காக்கட்டூ என்றீர்கள். முதலாளி வீட்டில் வளர்ந்ததாம். அவர்கள் கோயமுத்தூரில் அடுக்குமாடிக்குக் குடிபோகிறார்களாம். அங்கே இது போடும் கூச்சலுக்கு இடம் கிடையாதாம்.

"சும்மாவா குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"சும்மாதான்டி. நான் கேட்டேன், குடுத்தாங்க."

சும்மா வருகிற எதையும் நான் நம்பினது உண்டா? ஒன்று நோய் இருக்கும், இல்லை கேஸ் இருக்கும் என்று கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முறையாகப் பதிந்த காகிதத்தை எடுத்துக் காட்டினீர்கள். காகிதமே போலியோ என்னவோ என்று போட்டோ எடுத்துத் திட்டக்குடியில் இருக்கும் நம் மகளுக்கு அனுப்பினேன். கவிதா போனில் சிரித்தாள். "அம்மா, நீ சிஐடி-யில இருக்க வேண்டிய ஆளும்மா." காகிதம் சரியாகத்தான் இருந்தது. ஆபீசர் மாதிரி மேலே உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் கீழே பார்த்ததால் அதற்குத் துரை என்று பேர் வைத்தீர்கள்.

துரை நம் வீட்டை ஆண்ட கதையை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். காலையில் ஆறு மணிக்கு ஒரு கூச்சல், பொழுது சாயும்போது ஒரு கூச்சல். எதிர்வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, "ஏம்மா, வூட்ல யாரையாவது போட்டு அடிக்கிறீங்களா?" என்றே கேட்டுவிட்டார். டிவி ரிமோட்டில் ஒரு பொத்தானை மிச்சம் வைக்கவில்லை. கதவு நிலையைத் தச்சன் மாதிரி செதுக்கியது. உங்கள் கண்ணாடியின் ஒரு காலைக் கடித்துத் துப்பியது. நீங்கள் நூல் கட்டி மாட்டிக்கொண்டு அதையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். என் தாலிச் சரட்டை மூக்கால் பிடித்து இழுத்த அன்று நான் துடைப்பத்தைத் தூக்கினேன். "வுடுடி, கொழந்தை" என்றீர்கள். கொழந்தையாம்! எனக்குப் பிறந்ததே ஒன்று, அது இப்படி இல்லை.

கூண்டின் தாழ்ப்பாள் தினமும் திறந்து கிடந்தது. நீங்கள்தான் எனக்குத் தெரியாமல் திறந்துவிடுகிறீர்கள் என்று ஒரு வாரம் உங்களைக் காய்ச்சினேன். ஒரு நாள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். அது நாக்கையும் மூக்கையும் வைத்து நிதானமாகத் தாழ்ப்பாளைத் தள்ளி, கதவைத் திறந்து, வெளியே வந்து இறக்கையை உதறிக்கொண்டது. அன்றைக்கும் உங்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தேன்.

குக்கர் விசில் அடித்தால் கொண்டையை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு ஆடுமே, அது எனக்கும் பிடிக்கும். உங்களிடம் காட்டிக்கொண்டதில்லை. நீங்கள் செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரை எடுத்தால் இரண்டு இறக்கையையும் அகல விரித்துத் தலைகீழாகத் தொங்கும். அதற்காக நான் பாசிப்பயறு ஊறவைத்தேன், சோளம் அவித்தேன், முருங்கைக்கீரை ஆய்ந்தேன். உங்களுக்குக்கூட அவ்வளவு பதமாக ஆய்ந்ததில்லை. மத்தியானம் சாப்பிட்டு நீங்கள் ஈசி சேரில் சாய்ந்ததும் அது உங்கள் இடது தோளில் ஏறும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் தலையைச் சொருகிக்கொண்டு மூக்கை நறநறவென்று அரைக்கும். அப்படியே தூங்கும். நீங்கள் அசையாமல், மூச்சைக்கூட அடக்கி விட்டுக்கொண்டு கிடப்பீர்கள்.

உங்கள் இருமலையும் அது படித்துக்கொண்டது. அச்சு அசல் நீங்களே. அடுப்படியில் இருந்து "என்னங்க, மாத்திரை போட்டீங்களா?" என்று கத்துவேன். "நான் இல்லடி, இவன்தான்" என்பீர்கள். பாதி நாள் நீங்கள் இருமிவிட்டு அதன் மேல் பழியைப் போட்டீர்கள். ஒரு நாள் கூடத்துக்கு ஓடி வந்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி என்னைப் பார்த்தீர்கள்.

அதெல்லாம் விளையாட்டு. உங்கள் சட்டையில் வெள்ளை பார்த்த நாளில் விளையாட்டு முடிந்துபோனது.

நம் ஊரில் சட்டையில் வெள்ளை என்றால் ஒரே அர்த்தம்தான். வேறு ஊர்க்காரி என்றால் முகப்பவுடரா, கோலமாவா, சுண்ணாம்பா என்று நாலு யோசிப்பாள். எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது? சின்ன வயதில் என் அப்பா சட்டையில் பார்த்தேன். கல்யாணம் ஆன நாளில் இருந்து உங்கள் சட்டையில் பார்த்தேன். என் சேலையிலேயே பத்து வருஷம் தட்டி உதறினேன். அது களிமண். நீங்கள் கம்பெனிக்குப் போகிறீர்கள். உங்கள் நெஞ்சு நாளுக்கு நாள் மோசமானது அதற்குச் சாட்சி. வேலையை விட்ட பிறகும் ஒரு மனுஷனுக்கு ஏன் மூச்சு வாங்க வேண்டும்? நான் போட்ட கணக்கு அது. டிவி மேலே, ஃபிரிட்ஜ் மேலே படிந்ததைக்கூட நீங்கள் உள்ளே வந்து சட்டையை உதறுவதால் என்றுதான் சேர்த்துக்கொண்டேன்.

"போகல தனம். சத்தியமா போகல."

"அப்ப இது எங்கேருந்து வந்துச்சு? வானத்துலேருந்தா?"

அதற்கு மட்டும் நீங்கள் பதில் சொன்னதே இல்லை. தலையைக் குனிந்துகொள்வீர்கள். பதில் சொல்லாத ஆளை எப்படி நம்புவது?

ஒரு நாள் உங்கள் பின்னாலேயே வந்தேன், தெரியுமா? தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் ஓரமாக உட்கார்ந்துகொண்டு. நீங்கள் டிவிஎஸ்-ஐ மெதுவாக ஓட்டிக்கொண்டு கம்பெனி வாசல்வரை போனீர்கள். ஆட்டோவை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் நிற்கவில்லை. தாண்டிப் போய் ஒரு தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் வாங்கினீர்கள், திரும்பினீர்கள். வேறு எந்தப் பொண்டாட்டியாக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பாள். நான் என்ன நினைத்தேன்? நான் வருவது தெரிந்துபோய் நடிக்கிறார் என்று நினைத்தேன். கம்பெனிச் சூளையில் வேலை பார்க்கும் செல்வராசுவை, உங்கள் பின்னாலேயே அண்ணன் அண்ணன் என்று சுற்றுவானே, அவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். "அண்ணன் உள்ளாற வரல அண்ணி" என்றான். இரண்டு பேரும் கூட்டு என்று முடிவு கட்டினேன்.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்லவில்லை. கொளஞ்சியப்பர் கோயிலில் உங்கள் மேல் பிராது கட்டினேன். ஊரில் திருட்டுப் போனவர்கள், சொத்தில் ஏமாந்தவர்கள் கட்டுவார்கள். நான் என் வீட்டுக்காரர் மேலே கட்டினேன். என் புருஷன் டாக்டர் பேச்சை மீறிக் கள்ளத்தனமாகக் கம்பெனிக்குப் போகிறார், என்னிடம் பொய் சொல்கிறார், உண்மையை வெளியே கொண்டு வா சாமி என்று காகிதத்தில் எழுதி, முனியப்பர் முன்னால் வேலில் கட்டிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி உங்களுக்கு ரசம் ஊற்றும்போது உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் வருத்தப்படவில்லை. உங்கள் உயிருக்காகத்தானே செய்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். மூக்கில் குழாயோடு படுத்துக்கிடந்த உங்களிடம் மறுபடி கேட்டேன், பாவி நான். "இப்பவாவது சொல்லுங்க. போனீங்கதானே?" நீங்கள் தலையை இல்லை என்று ஆட்டினீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "துரைக்குச் சோளம் வெச்சியா?" என்றீர்கள். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். சாகும்போதும் பொய் என்று கோபம். அந்தக் கோபத்தோடுதான் உங்களுக்கு எல்லாமும் செய்து அனுப்பினேன்.

நீங்கள் போன பிறகு துரை என்னிடம் வரவே இல்லை. கூண்டை விட்டு இறங்காது. சோளத்தைத் தள்ளிவிடும். நேரத்துக்கு உங்கள் இருமலை இருமும், நான் காதைப் பொத்திக்கொள்வேன். கவிதா, திட்டக்குடி பக்கத்து மங்களூரில் ஒரு பண்ணைக்காரர் கேட்கிறார், கொடுத்துவிடு என்று தினமும் போனில் சொன்னாள். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போன வாரம்தான், நான் ஈசி சேரில் சாய்ந்திருந்தபோது, தத்தித் தத்தி வந்து என் இடது தோளில் ஏறி உட்கார்ந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அரை மணி நேரம் அப்படியே இருந்தது. அதற்கப்புறம்தான் கீரை வாங்கப் போனேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலை எல்லாம் சாத்தினேன். உங்கள் கறுப்புக் குடையை நன்றாகத் துடைத்து, துரை உட்காரும் கம்புக்குக் கீழே விரித்து வைத்தேன். அது ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்து உதறியது. கூரையின் கண்ணாடி ஓடு வழியாக விழுந்த வெயிலில் புகை மாதிரி வெள்ளை இறங்கியது. விரலால் தொட்டேன். அதே வழவழப்பு, அதே நிறம். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவந்து அதில் ஒரு சிட்டிகை தூவினேன்.

களிமண் தூள் என்றால் தண்ணீரில் பட்டதும் இறங்கும், பால் மாதிரி கலங்கும். கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரியும். இது இறங்கவில்லை. மேலேயே ஆடை மாதிரி மிதந்தது. பொழுது சாயும்வரை உட்கார்ந்து பார்த்தேன். மிதந்துகொண்டே இருந்தது.

ஒரு டம்ளர் தண்ணீர்தானே என்னங்க. இரண்டு வருஷத்தில் ஒரு நாள், சண்டை போட்ட கையோடு, உங்கள் சட்டையை ஒரு டம்ளர் தண்ணீர் மேலே தட்டிப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். பின்னாலேயே ஆட்டோவில் வரத் தெரிந்தவளுக்கு, சாமியிடம் எழுதிக் கொடுக்கத் தெரிந்தவளுக்கு, அது தோன்றவில்லை. அன்றைக்கு நான் அழுத அழுகையில் துரை கூச்சல் போடுவதையே மறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். "அதோட ஜாதியே அப்படித்தாம்மா. இறக்கைக்குள்ளேருந்து பவுடர் உதிர்ந்துக்கிட்டே இருக்கும். உதிர்ந்தாத்தான் ஆரோக்கியம்" என்றார் டாக்டர். நாற்பது வருஷம்கூட உயிரோடு இருக்கும் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை செல்வராசுவைக் கூப்பிட்டு, அவன் வண்டியிலேயே கோயிலுக்குப் போனேன். பிராதைத் திரும்பப் பெறவும் எழுதிக் கொடுக்க வேண்டுமே. வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அது கம்பெனித் தூசி இல்ல செல்வராசு. பறவையோடது. உங்க அண்ணன நான் அநியாயமா…" அவன் திகைத்துப்போவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். எனக்கா தெரியாது இந்த முழியெல்லாம்?

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அண்ணி…"

"கோயில் வாசல்ல நிக்கிற. சொல்லு."

"அண்ணனுக்கே தெரியும் அண்ணி. பறவை வந்த ரெண்டாவது மாசமே தெரியும். டீக்கடையில அண்ணன் ஒரு டம்ளர்ல தண்ணி வாங்கி, சட்டையத் தட்டிப் பாத்துச்சு. மெதந்துச்சு. நானும் பாத்தேன்."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா அவ அன்னிக்கே தூக்கிக் குடுத்துடுவான்னு அண்ணன் சொல்லிச்சு. வேலையும் போயிட்டுது, இதையும் வுட்டுட்டு நாள் பூரா யார் மூஞ்சியப் பாக்குறதுன்னுச்சு. மாஸ்காவது போட்டுக்கண்ணேன்னு கெஞ்சினேன் அண்ணி. வூட்டுக்குள்ள மாஸ்க் போட்டா அவ ஏன்னு கேப்பாடான்னு சொல்லிச்சு. கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிச்சு."

யார் மூஞ்சியைப் பார்ப்பது என்றா சொன்னீர்கள்? நாள் பூரா நான் அந்த வீட்டில்தானே இருந்தேன்? என் மூஞ்சிக்கு என்ன?

உள்ளே போனேன். எழுதி வாங்குகிறவர், "குறை தீந்துச்சாம்மா?" என்று கேட்டார். தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறு என்ன எழுதுவது?

வண்டியில் வரும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. இரண்டாம் தடவை பாண்டிச்சேரி போனபோது டாக்டர் கேட்டாரே, "வீட்ல கோழி, புறா ஏதாவது வளக்குறீங்களா?" என்று. நான் வாயைத் திறக்கும் முன்னே நீங்கள் முந்திக்கொண்டு, "கோழியும் இல்ல, புறாவும் இல்லைங்க" என்றீர்கள். உண்மைதானே என்று நானும் தலையாட்டினேன். உங்கள் சட்டைப் பையை, செருப்படியை, விரல் இடுக்கைக்கூடச் சோதித்தவள், அதைக் கோட்டைவிட்டேன். நேற்று கவிதா அந்த டாக்டரிடமே போனில் கேட்டாள். முப்பது வருஷக் களிமண்ணா, இரண்டு வருஷப் பறவையா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாதாம். ஆனால் பறவையைத் தள்ளி வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருக்கலாம் என்றாராம்.

துரையை நான் கொடுக்கவில்லை. கொடுக்கப் போவதும் இல்லை. வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டுக்கொண்டு திரிகிறேன், பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும். தினமும் ஸ்பிரேயரில் குளிப்பாட்டுகிறேன். என் தோளில் தூங்குகிறது. சில நேரம் அன்பு வருகிறது, சில நேரம் கழுத்தைத் திருகிவிடலாம் என்று இருக்கிறது. உங்கள் மேல் வருகிற மாதிரியேதான்.

ஊரெல்லாம் என்னைத்தான் சந்தேகப் பிராணி என்பார்கள். நீங்களும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். ஆனால் நம் இரண்டு பேரில் கடைசிவரை மற்றவரை நம்பாமல் போனது நீங்கள்தான். சொன்னால் இவள் பறவையைத் துரத்திவிடுவாள் என்று என் மேல் உங்களுக்குச் சந்தேகம். சரியான சந்தேகம்தான். நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? அன்றைக்கே ஆட்டோ பிடித்துக் கூண்டோடு அனுப்பியிருப்பேன். நீங்கள் ஒரு வருஷம் என்னோடு பேசியிருக்க மாட்டீர்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து, நான் போட்ட சோற்றைப் பேசாமல் தின்றுகொண்டிருந்திருப்பீர்கள். அது போதும் எனக்கு.

தனம்